சீட்டு உயரம்

வேனின் பின்கதவு நாலடி இரண்டங்குலம்.
சணல் கயிற்றில் முதல் முடிச்சு அது.
அரிசி டின்னும் கேஸ் அடுப்பும் போக
கட்டிலுக்கடியில் மிச்சமிருக்கும் இடம்
இரண்டாவது.
மூன்றாவது எதற்கென்று தேசிங்கு கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மணலியில் ஏலத்தில் எடுத்த பள்ளிக்கூட வேன்.
மஞ்சளின் மேல் சாம்பல் நிறம் அடித்தும்
வெயில் ஏறினால்
'குழந்தைகள் கவனம்' மெல்ல மேலே வருகிறது.
போகி முடிந்ததும்
கொருக்குப்பேட்டை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
அப்புறம் எங்களுக்கு விலாசம் கிடையாது,
நம்பர் பிளேட்தான்.

ஜன்னலுக்குத் துணி மாட்டி
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால்
அது வீடு.
வீட்டைக் கிளப்பிக்கொண்டா
பால் வாங்கப் போவது?
அதனால் ஒரு சைக்கிள்.
ஒன்றே ஒன்று. இரண்டுக்கு இடமில்லை.

மூலக்கொத்தளத்தில் இம்ரான் கடை.
வாளைக் கருவாடு போல
கொக்கி கொக்கியாகச் சைக்கிள்கள் தொங்கின.
முதலில் மடக்குகிறதை இறக்கினான்.
கீலைத் தட்டினான், சுருண்டு படுத்தது.
"கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்மா."
கீலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
எண்ணூர்க் காற்றில் எங்கள் வாசல் பூட்டே
ஆறு மாதத்தில் வாய் திறக்க மறுத்தது.
இது மடங்கினால் மறுபடி நிமிருமா?

அடுத்தது கியர் வண்டி, இருபத்தொரு கியர்.
முப்பது வருஷம் ஹார்பருக்கு ட்ரெய்லர் ஓட்டியவர்,
கியரைக் கண்டால் கை தானாகப் போகும்.
"கொல்லிமல ஏறலாம்டி."
"ஏறலாம். அரூர்ல கேபிள் அறுந்தா
இன்னா பண்ணுவ?"
இம்ரான் பொய் சொல்லாத பிள்ளை.
"எங்களுக்கே பாரிஸ்லேர்ந்துதான் வரணும்" என்றான்.

காசிமேட்டு மணலிலும் போகணும்
தாரிலும் இழுக்கக் கூடாது, நடுத்தர டயர் கேட்டேன்.
தண்ணிக் கேன் நிற்கிற கேரியர் கேட்டேன்.
நைட்டியோடு ஏறணும், நடுவில் பார் வேண்டாம்.
லைட்டுக்கு டைனமோ.
"உங்களுக்கு சைக்கிள் வேணாம்மா, மாடு வேணும்"
என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

தள்ளிக்கொண்டு வந்தது கரும்பச்சை.
யாரோ ஒரு கூரியர்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு
வராமலே போனது.
முன்சக்கரத்தைக் கழற்றினால்
முதல் முடிச்சுக்குள் அடங்கியது.
இரண்டாவதுக்கு அடங்கவில்லை.
வெளியில்தான் தொங்கும், நனையும். நனையட்டும்.

தேசிங்கு தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்து
"சீட்ட இங்க ஏத்து" என்றார்.
இம்ரான் ஸ்பேனர் எடுக்கும்போது
கயிற்றை நீட்டினேன்.
தரையிலிருந்து மூன்றாவது முடிச்சு வரை
என் கால்.

"நீயா ஓட்டப் போற?"

போன ஆடியில் ராத்திரி இரண்டு மணிக்கு
ஸ்டான்லிக்குப் போக ஆட்டோ தேடி ஓடிய நான்
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதும்
கூட்ஸ் வண்டி நாற்பத்தெட்டுப் பெட்டி
ஒவ்வொன்றாகப் போனதும் அவருக்குத் தெரியாது.
அவர் அப்போது மாரைப் பிடித்துக்கொண்டு
படிக்கட்டில் குந்தியிருந்தார்.
அடுத்த முறை எந்த ஊரோ.
வேன் ஓட்ட எனக்கு வராது.
சைக்கிள் வரும்.

"ஆமா, பால் வாங்க" என்றேன்.

முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார்.
"எறக்குப்பா."

சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்,
பெல்லுக்கு நாற்பது தனி.
திரும்பும்போது அவர்தான் மிதித்தார்.
முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன.
கேரியரில் நான், மடியில் கயிறு.
கேட் மூடியிருந்தது.
எது வருகிறது, எப்போது வரும்
கேட்டவர் யாருமில்லை.
அவர் இறங்கி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு,
"தூக்கிப் பாரு" என்றார்.

தூக்கினேன். கனம்தான்.
இறக்கி வைத்துவிட்டு
இன்னொரு தடவை தூக்கினேன்.